1,000 சிடி, ஒன்று 100 டாலர்: வளரும் ராப் கலைஞர்களைத் தூக்கிவிடும் 'ஸ்ட்ரீட் டீம்' - ரீல்ஸ் காலத்திலும் எடுபடுமா?

2013ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு தற்காலிகக் கடை. வாசலில் வரிசை. உள்ளே விற்பனைக்கு இருந்தது ஒரு ராப் ஆல்பத்தின் சிடி. விலை 100 டாலர். அதே ஆல்பத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

சும்மா கிடைக்கிற பாட்டுக்கு யாராவது 100 டாலர் கொடுப்பாங்களா? கொடுத்தார்கள். அச்சிட்ட 1,000 பிரதிகளும் விற்றுத் தீர்ந்தன. அதில் 100 பிரதிகளை மொத்தமாக வாங்கியவர் ராப் உலகின் பெரும்புள்ளி ஜே-ஸீ.

'கிரென்ஷா' என்ற அந்த ஆல்பத்தின் சொந்தக்காரர் நிப்ஸி ஹஸில். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 'சூப்பர் மார்க்கெட்டிங் ஐடியா' என்று பலரும் பாராட்டினார்கள். ஆனால் அது ஒரே நாளில் உதித்த ஐடியா இல்லை. இளம் வயதிலேயே கிரென்ஷா - ஸ்லாசன் சாலைகள் சந்திக்கும் முனையில், கார் டிக்கியில் சிடிக்களை வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர்களிடம் விற்றவர் அவர். 100 டாலர் கொடுத்தவர்கள் வாங்கியது பாட்டை மட்டுமல்ல, அந்தத் தெருமுனையில் பல வருடமாகக் கட்டிய உறவையும் சேர்த்துத்தான்.

பெரிய நிறுவனமோ டிவி விளம்பரமோ இல்லாமல், தெருத்தெருவாக, ஊர் ஊராகப் போய் ஒரு புதுக் கலைஞரை மக்களிடம் சேர்க்கும் இந்த முறைக்கு அமெரிக்க ராப் உலகில் 'ஸ்ட்ரீட் மார்க்கெட்டிங்' என்று பெயர். அதைச் செய்யும் குழுதான் 'ஸ்ட்ரீட் டீம்'. எல்லாமே ஃபோனுக்குள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் இளம் ராப்பர்கள் ஏன் வேன் ஏறி ஊர் ஊராகப் போகிறார்கள்? இதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்ட்ரீட் டீம் என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், ஒரு கலைஞருக்காக ஒரு ஊரில் இறங்கி வேலை செய்யும் உள்ளூர் இளைஞர்கள். போஸ்டர் ஒட்டுவது, நோட்டீஸ் கொடுப்பது, ஸ்டிக்கர் பரப்புவது, சாம்பிள் பாடல்களைக் கையில் கொடுப்பது, சலூன், செருப்புக் கடை, கல்லூரி ரேடியோ, கிளப் டிஜே என்று ஒவ்வொரு இடமாகப் போய் "இதைக் கேட்டுப் பாருங்க" என்று சொல்வது. இவைதான் வேலை.

இதில் 'உள்ளூர்' என்ற சொல் முக்கியம். நியூயார்க்கில் இருக்கும் மேலாளருக்கு அட்லாண்டாவில் எந்த சலூனில் சனிக்கிழமை கூட்டம் கூடும் என்று தெரியாது. அந்தத் தெருவில் வளர்ந்த 19 வயதுப் பையனுக்குத் தெரியும். அவன் சொன்னால் அவன் நண்பர்கள் கேட்பார்கள். விளம்பரம் என்பது காசு கொடுத்து வாங்கும் இடம். பரிந்துரை என்பது பழக்கத்தால் கிடைக்கும் இடம். ஸ்ட்ரீட் டீம் இந்த இரண்டாவதைக் குறிவைக்கிறது.

இது எங்கே தொடங்கியது?

ஹிப்-ஹாப் பிறந்த நாளாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைபோட்ட நிகழ்ச்சி அது. அதற்கான அழைப்பே கையால் எழுதிய சின்ன அட்டைகள்தான். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம் என்று அதில் எழுதியிருந்தது. அதாவது, ஹிப்-ஹாப் பிறக்கும்போதே கூடவே ஸ்ட்ரீட் மார்க்கெட்டிங்கும் பிறந்துவிட்டது!

அதன்பிறகு பிராங்ஸில் நோட்டீஸ் வரைவதே தனிக் கலையானது. 'படி எஸ்கொயர்' என்ற ஓவியர் வரைந்த ஹிப்-ஹாப் நோட்டீஸ்களை இப்போது கார்னெல் பல்கலைக்கழகம் ஆவணமாகப் பாதுகாக்கிறது. ஒருகாலத்தில் கீழே கிடந்து மிதிபட்ட காகிதங்கள் இன்று வரலாற்று ஆதாரம்.

நாட்டின் இன்னொரு கோடியில், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், 1980களின் தொடக்கத்தில் 'டூ ஷார்ட்' என்ற இளைஞர் வேறொரு வழியைப் பிடித்தார். வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்து, கேசட்டாக்கித் தெருவில் விற்றார். காசு கொடுத்தால், வாங்குகிறவர் பெயரையே பாட்டில் வைத்தும் பாடிக்கொடுத்தார். பெரிய நிறுவனம் அவரைத் தேடி வந்தபோது அவருக்கு ஏற்கெனவே ஒரு ஊரே ரசிகராக இருந்தது.

'கார் டிக்கியில் வைத்து விற்றேன்' என்று ராப்பர்கள் பெருமையாகச் சொல்வதன் பின்னணி இதுதான். ஜே-ஸீயும் நண்பர்களும் 1990களின் நடுவில் ராக்-ஏ-ஃபெல்லா நிறுவனத்தைத் தொடங்கியதும், எந்த நிறுவனமும் சரியான ஒப்பந்தம் தராமல், காரில் வைத்துச் சொந்தமாக விற்ற பிறகுதான்.

ரேடியோ மூடிய கதவு, தெரு திறந்த வழி

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்க ரேடியோக்கள் பல, ராப் பாடல்களைப் பகலில் ஒலிபரப்பத் தயங்கின. அப்போதுதான் ஸ்டீவ் ரிஃப்கைண்ட் என்பவர் இந்தத் தெரு வேலையை ஒரு ஒழுங்கான தொழிலாக மாற்றினார். நகரத்துக்கு ஒரு பிரதிநிதி, அவருக்குக் கீழே இளைஞர் குழு, யார் எந்தக் கடைக்குப் போனார்கள், எந்த டிஜே என்ன சொன்னார் என்று திரும்பி வரும் தகவல். இந்த அமைப்பின் மீதுதான் அவர் 1991இல் லவுட் ரெக்கார்ட்ஸை நிறுவினார்.

லவுடின் மிகப் பெரிய வெற்றி வு-டாங் க்ளான். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் பகுதியைத் தளமாகக் கொண்ட இந்தக் குழு, 1992இல் தங்கள் முதல் சிங்கிளைச் சொந்தச் செலவில் வெளியிட்டுக் கடை கடையாகவும் டிஜேக்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. லவுடுடன் கையெழுத்திட்டபோது குழுத் தலைவர் ரிஸா ஒரு விசித்திரமான நிபந்தனை வைத்தார்: குழுவாக லவுடில் இருப்போம், ஆனால் ஒவ்வொருவரும் தனி ஆல்பத்துக்கு வேறு எந்த நிறுவனத்துக்கும் போகலாம்.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். மெத்தட் மேன் டெஃப் ஜாமுக்கும், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் எலெக்ட்ராவுக்கும், ஜிஸா கெஃபனுக்கும் போனார்கள். இப்போது நான்கு நிறுவனங்களின் விளம்பரப் பணமும் ஒரே 'டபிள்யூ' சின்னத்துக்காகச் செலவானது. தெருவில் முதலில் நட்ட கொடிக்குப் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுத் தண்ணீர் ஊற்றின.

1991இல் வந்த இன்னொரு மாற்றமும் தெருவுக்குச் சாதகமானது. அதுவரை விற்பனைப் பட்டியலைக் கடைக்காரர்களைக் கேட்டுத்தான் தயாரித்தார்கள். சவுண்ட்ஸ்கேன் வந்தபிறகு, கடையில் பார்கோடு ஸ்கேன் ஆகும் எண்ணிக்கையே கணக்கானது. அதுவரை 'சின்ன இசை' என்று நினைக்கப்பட்ட ராப் உண்மையில் எவ்வளவு விற்கிறது என்று வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதமே என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது. தெருவில் செய்த வேலையை எண்ணில் காட்ட முடியும் என்றதும், பெரிய நிறுவனங்களும் ஸ்ட்ரீட் டீம்களுக்கு பட்ஜெட் ஒதுக்கத் தொடங்கின.

1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் நிலைமையை இன்னும் தீவிரமாக்கியது. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை ரேடியோ நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200 நிலையங்கள் வரை சேர்ந்தன. உள்ளூர் ரேடியோவில் உள்ளூர் பையன் பாட்டு வருவது இன்னும் குறைந்தது. புதியவர்களுக்கு மிச்சம் இருந்தது தெருவும் மேடையும்தான்.

டூர் போகும்போது இது எப்படி நடக்கும்?

பெரும்பாலான புது ராப்பர்கள் தனியாக டூர் போவதில்லை. கொஞ்சம் பெயர் பெற்ற ஒருவரின் நிகழ்ச்சியில், முதலில் 15 அல்லது 20 நிமிடம் பாடும் 'ஓப்பனிங்' வாய்ப்புதான் கிடைக்கும். கூட்டம் வேறொருவருக்காக வந்தது. பாதிப் பேர் இன்னும் உள்ளேயே வந்திருக்க மாட்டார்கள். அந்த 20 நிமிடத்தை உருப்படியாக்குவதுதான் ஸ்ட்ரீட் டீமின் வேலை. அது பொதுவாக இப்படி நடக்கும்:

• சில வாரங்களுக்கு முன்: அந்த ஊரில் ஏற்கெனவே பாட்டைக் கேட்கும் நாலைந்து பேரைக் கண்டுபிடித்துப் பேசுவது. அவர்களுக்கு போஸ்டர், ஸ்டிக்கர் பார்சல் அனுப்புவது. உள்ளூர் டிஜேக்களுக்குப் பாடலைச் சேர்ப்பது.

• நிகழ்ச்சி அன்று பகலில்: கலைஞரே நேரில் இறங்குவது. சலூன், ஷூ கடை, கல்லூரி வளாகம், ரெக்கார்டு கடை. மைக் இல்லாமல், பத்துப் பேர் முன்னால் பாடிக் காட்டுவதும் உண்டு.

• நிகழ்ச்சிக்கு முன்: வரிசையில் நிற்கிறவர்களிடம் பேசுவது. காத்திருக்கிறவருக்கு வேறு வேலை இல்லை, காது கொடுப்பார்.

• முடிந்த பிறகு: இதுதான் உச்சக்கட்டம். ஆயிரம் பேர் ஒரே கதவு வழியாக வெளியே வருகிறார்கள். பாட்டு மூடில் இருக்கிறார்கள். கையில் சிடி கொடுத்த காலம் போய், இப்போது கியூஆர் கோடு ஒட்டிய கார்டு கொடுக்கிறார்கள். கலைஞர் டி-ஷர்ட் மேசைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவருடனும் செல்ஃபி எடுக்கிறார்.

• மறுநாள்: நேற்று சந்தித்தவர்களுக்கு நன்றி சொல்லி மெசேஜ். வேன் அடுத்த ஊரில்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நோட்டீஸ் கொடுக்கும் வேலை. உண்மையில் இது தகவல் சேகரிக்கும் வேலை. எந்த ஊரில் எந்தப் பாட்டுக்குத் தலை ஆடியது, எங்கே கூட்டம் ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தது, எந்த ஊருக்கு மறுபடி வரலாம் என்பது எல்லாம் இதில்தான் தெரியவரும்.

99 நாளில் 90 நிகழ்ச்சி

இந்த முறையை முழுத் தொழிலாகவே மாற்றிக் காட்டியவர் டெக் நைன். நியூயார்க்கோ லாஸ் ஏஞ்சலிஸோ இல்லை, மிசூரி மாகாணத்தின் கன்சாஸ் சிட்டிக்காரர். ரேடியோவில் பெரிதாக வந்தவரும் இல்லை. 1999இல் டிராவிஸ் ஓ'கின் என்ற தொழிலதிபருடன் சேர்ந்து 'ஸ்ட்ரேஞ்ச் மியூசிக்' நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய நகரங்களோடு நிற்காமல், மற்ற ராப்பர்கள் எட்டிப் பார்க்காத சிறு நகரங்களுக்கும் போனார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப.

2012இல் அவர் நடத்திய 'ஹோஸ்டைல் டேக்ஓவர்' டூரில் 99 நாட்களில் 90 நிகழ்ச்சிகள். சொந்தமாக டி-ஷர்ட் அச்சிட்டார்கள், சொந்த வாகனத்தில் போனார்கள், ரசிகர்களை நேரில் சந்திக்கும் டிக்கெட்டைத் தனியாக விற்றார்கள். எந்தத் தரகருக்கும் பெரிதாகப் பங்கு போகவில்லை.

இவருடைய டூர்கள் மற்ற இளைஞர்களுக்கும் பள்ளிக்கூடமாக இருந்தன. 2010இல் 'இண்டிபெண்டண்ட் கிரைண்ட்' டூரில் ஜே ராக் என்ற ராப்பர் கலந்துகொண்டார். அவருக்குப் பின்னால் மைக் பிடித்துக் கூட்டத்தை உசுப்பேற்றும் 'ஹைப் மேன்' வேலை பார்த்த பையன் யார் தெரியுமா? கென்ட்ரிக் லாமர். எட்டு வருடம் கழித்து இசைக்கான புலிட்சர் பரிசை வாங்கிய அதே கென்ட்ரிக் லாமர்தான்!

பணக் கணக்கு என்ன சொல்கிறது?

சரி, இதில் காசு வருமா? ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு புது ராப்பர் 12 ஊர்களுக்கு டூர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊரிலும் 100 பேர் பார்க்கிறார்கள். அதில் 10 பேர் 25 டாலருக்கு டி-ஷர்ட் வாங்குகிறார்கள். தயாரிப்புச் செலவு 10 டாலர், அரங்கத்துக்கான பங்கு 5 டாலர் போனால், ஒரு சட்டைக்கு 10 டாலர் மிச்சம். ஆக ஒரு இரவுக்கு 100 டாலர். பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு என்று பார்த்தால் அது அப்படியே கரைந்துவிடும்.

ஆனால் இதே 100 டாலரை ஸ்ட்ரீமிங்கில் சம்பாதிக்க எவ்வளவு பேர் கேட்க வேண்டும்? ஒரு ஸ்ட்ரீமுக்குத் தோராயமாக 0.3 முதல் 0.5 சென்ட் வரை கிடைப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 0.4 சென்ட் என்று வைத்தால் 25,000 ஸ்ட்ரீம் வேண்டும். அதுவும் உரிமை வைத்திருப்பவருக்குத்தான் போகும். 10 சட்டை விற்பது 25,000 முறை பாட்டு ஓடுவதற்குச் சமம்.

இதைவிட முக்கியமானது வேறு ஒன்று. அந்த 100 பேரில் 40 பேர் தங்கள் ஃபோன் நம்பரையோ இமெயிலையோ கொடுத்தால், 12 ஊரில் 480 பேர். அடுத்த வருடம் அதே ஊருக்குப் போகும்போது, அந்த 40 பேரில் பாதிப் பேர் 15 டாலர் டிக்கெட் வாங்கினால் ஊருக்கு 300 டாலர். முதல் டூர் அறுவடை இல்லை, விதைப்பு. விதைத்தவர் இரண்டாவது முறை திரும்பி வராவிட்டால் அத்தனையும் வீண்.

சிக்கல் என்னவென்றால், விதைக்கவே காசு வேண்டும். சில டூர்களில் ஓப்பனிங் இடத்துக்குக் கலைஞரே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இன்னும் சில இடங்களில் "இத்தனை டிக்கெட் நீயே வித்துக் கொடு, அப்பதான் மேடை" என்ற நிபந்தனை. வாய்ப்புக்கு ஏங்கும் பையனின் சொந்தக்காரர்களும் நண்பர்களும் டிக்கெட் வாங்குவார்கள். புது ரசிகர் ஒருவரும் வரமாட்டார். அமைப்பாளருக்கு லாபம், கலைஞருக்குக் கடன்.

டி-ஷர்ட் விற்பனையில் அரங்கங்கள் பங்கு எடுப்பதும் பல வருடப் புகார். 2023 செப்டம்பரில் லைவ் நேஷன் நிறுவனம், தன் கிளப் அரங்குகளில் இந்தப் பங்கை எடுக்கப் போவதில்லை என்றும், ஒரு நிகழ்ச்சிக்கு 1,500 டாலர் பயணப்படி தருவதாகவும் அறிவித்தது. கலைஞர்களுக்கு நல்ல செய்திதானே? ஆனால் தனியார் சிறு அரங்க உரிமையாளர்களின் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. பெரிய நிறுவனத்தால் இந்தச் செலவைத் தாங்க முடியும், சின்ன அரங்குகளால் முடியாது, கடைசியில் நாங்கள் காணாமல் போவோம் என்பது அவர்கள் வாதம். புது ராப்பருக்கு முதல் மேடை தருவது பெரும்பாலும் அந்தச் சின்ன அரங்குகள்தான் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இலவசமாகக் கொடுத்து எழுந்தவர்கள்

தெரு மார்க்கெட்டிங்கின் பெரிய ஆயுதம் 'மிக்ஸ்டேப்'. அதிகாரப்பூர்வ ஆல்பம் இல்லை. மற்றவர்களின் இசைமீது பாடி, இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தெருவில் பரப்புவது.

2000ஆம் ஆண்டு துப்பாக்கிச் சூட்டில் உயிர் தப்பிய பிறகு 50 சென்ட் என்ற ராப்பரை அவருடைய நிறுவனம் கைவிட்டது. அவர் மிக்ஸ்டேப்களால் நியூயார்க் தெருக்களை நிரப்பினார். அது எமினெம் காதுக்குப் போனது. 2003 பிப்ரவரியில் வந்த அவருடைய முதல் பெரிய ஆல்பம், முதல் வாரத்திலேயே 8,72,000 பிரதிகள் விற்றது.

இதில் ஒரு தமிழ் முகமும் உண்டு. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த, லண்டனில் வாழ்ந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. அவருடைய முதல் சிங்கிள் 'கலாங்' முதலில் அச்சானது வெறும் 500 பிரதிகள். அதன்பிறகு 2004இல், முதல் ஆல்பம் வெளிவரும் முன்பே, டிஜே டிப்லோவுடன் சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் தயாரித்தார். அதிலிருந்த பிறர் இசைத் துணுக்குகளுக்கு அனுமதி வாங்காததால் கடையில் விற்க முடியாது. நிகழ்ச்சிகளில் கைக்குக் கை கொடுத்தார்கள். விற்க முடியாத அந்த மிக்ஸ்டேப்பே, 2005இல் 'அருளர்' ஆல்பம் வருவதற்குள் அவர் பெயரை அமெரிக்க இசை விமர்சகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

ஆனால் இந்தச் சட்டச் சிக்கல் எப்போதும் சும்மா விடாது. 2007 ஜனவரியில், அட்லாண்டாவில் டிஜே டிராமாவின் ஸ்டூடியோவுக்குள் போலீஸ் புகுந்தது. 80,000க்கும் மேற்பட்ட சிடிக்கள் பறிமுதல். டிஜே டிராமாவும் டான் கேனனும் கைது. கொடுமை என்னவென்றால், தங்கள் கலைஞர்களுக்குப் பெயர் கிடைக்கட்டும் என்று இசை நிறுவனங்களே மிக்ஸ்டேப் டிஜேக்களை நாடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கை ஊக்குவித்தது, இன்னொரு கை விலங்கு மாட்டியது.

ஒட்டியவனுக்கு என்ன கிடைத்தது?

இந்த வெற்றிக் கதைகளில் பெரும்பாலும் வராத பெயர்கள், போஸ்டர் ஒட்டிய பையன்களின் பெயர்கள்.

ஸ்ட்ரீட் டீமில் பலருக்குச் சம்பளம் கிடையாது. ஒரு டி-ஷர்ட், ஒரு டிக்கெட், மேடைக்குப் பின்னால் போக ஒரு பாஸ். 'அனுபவம் கிடைக்கும்' என்ற வாக்குறுதி. அப்படி நுழைந்து இசைத்துறையில் மேலே போனவர்கள் உண்டு. ஆனால் போகாதவர்கள்தான் அதிகம். சொந்த ஊர்ப் பையனுக்காக ரசிகர்கள் ஆசையாகச் செய்வது வேறு. பெரிய நிறுவனம் அதையே தன் விளம்பரப் பிரிவாக, காசில்லாமல் ஓட்டுவது வேறு. இசை நிறுவனங்களின் இலவச உழைப்பு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சம்பளம் இல்லாமல் வேலை வாங்கியதாக முன்னாள் பயிற்சி ஊழியர்கள் தொடர்ந்த வழக்கில், வார்னர் மியூசிக் குழுமம் 2015இல் 42 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

சட்டரீதியான ஆபத்தும் தெருவில் நிற்பவனுக்குத்தான். நியூயார்க் போன்ற நகரங்களில் மின்கம்பம் போன்ற பொதுச் சொத்துகளில் போஸ்டர் ஒட்டுவது குற்றம், அபராதம் உண்டு. 2007இல் பாஸ்டன் நகரில் ஒரு கார்ட்டூன் தொடருக்காக வைத்த மின்விளக்குப் பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்து நகரமே ஸ்தம்பித்தது. ஒளிபரப்பு நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுத்துப் பிரச்னையை முடித்தது. ஆனால் கைதானவர்கள் பலகைகளை வைத்த இரண்டு இளைஞர்கள்.

தெருவில் எல்லை மீறுவதும் நடக்கிறது. நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் சுற்றுலாப் பயணிகள் கையில் சிடியைத் திணித்து, பெயர் கேட்டு எழுதி, பிறகு 'காசு கொடு' என்று சூழ்ந்துகொள்ளும் ஆட்களைப் பற்றிய புகார்கள் பல வருடமாக உண்டு. நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட தொழிலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

இப்போது தெரு ஃபோனுக்குள் வந்துவிட்டதா?

இன்றைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் புதுப் பாடல்கள் ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏறுகின்றன. 2024 முதல், 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம்கூடத் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணம் ஒதுக்குவதில்லை. கடலில் கரைத்த பெருங்காயம் மாதிரிதான் புதியவரின் நிலை.

அதனால் ஸ்ட்ரீட் டீமும் ஆன்லைனுக்கு வந்திருக்கிறது. பாடலின் 15 வினாடித் துண்டுகளை நூற்றுக்கணக்கான கணக்குகளில் பதிவிடும் 'கிளிப்பிங்' குழுக்கள், ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகின்றன. பார்ப்பவருக்கு "எல்லாரும் இதையே பேசுறாங்களே" என்று தோன்றும். அன்று சுவர் முழுக்க போஸ்டர் ஒட்டியதும் இதே தோற்றத்துக்காகத்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். தெருவில் நோட்டீஸ் கொடுப்பவனின் முகம் தெரியும். "இவன் அந்த ராப்பரோட ஆளு" என்று தெரிந்துதான் வாங்குவீர்கள். ஆன்லைனில் அது ரசிகரா, கூலிக்கணக்கா, பாட் மென்பொருளா என்றே தெரியாது. 2024 செப்டம்பரில், ஏஐ மூலம் உருவாக்கிய பாடல்களைப் பாட்களை வைத்துக் கோடிக்கணக்கான முறை ஓடவிட்டு 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றதாக அமெரிக்காவில் ஒருவர்மீது வழக்குப் பதிவானது. போலி ஃபாலோயர்களையும் பார்வைகளையும் வணிக நோக்கில் விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி அங்கே 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது.

எண்ணைப் போலியாக்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, மழையில், 80 பேரை ஒரு சின்ன அரங்குக்கு வரவைப்பதைப் போலியாக்க முடியாது. லட்சக்கணக்கில் பார்வைகள் இருந்தும் டிக்கெட் விற்காத பிரச்னை இன்று பல கலைஞர்களுக்கு இருக்கிறது. டூரின் மதிப்பு கூடியிருப்பது இதனால்தான்.

அப்போ, எடுபடுமா?

எடுபடுகிறது, ஆனால் நிபந்தனைகளுடன். கலிஃபோர்னியாவின் வாலேஹோ நகரைச் சேர்ந்த லாரஸல் என்ற ராப்பர், குடும்ப வீட்டின் கொல்லைப்புறத்திலேயே நிகழ்ச்சி நடத்திப் பெயர் பெற்றவர். 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்பதுதான் டிக்கெட் விலை. அந்தக் கொல்லைப்புற வீடியோக்கள்தான் ஆன்லைனில் அவருக்கு விளம்பரம். இங்கே தெருவும் ஃபோனும் போட்டியாளர்கள் இல்லை. தெருவில் நடக்கும் நிஜம், ஃபோனுக்குச் சரக்காகிறது.

அதே சமயம், வெற்றி பெற்றவர்களின் கதையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கார் டிக்கியில் சிடி வைத்து விற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஸ்ட்ரீட் டீம் சுமாரான பாட்டை நல்ல பாட்டாக்காது. நல்ல பாட்டு கவனிக்கப்படாமல் போவதை மட்டும்தான் தடுக்கும்.

டூர் முடிந்து வேன் வீடு திரும்பும்போது, புது ராப்பர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது? ரசிகர்களின் தொடர்புப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? தெருவில் நின்றவர்களுக்கு ஏதாவது கொடுத்தோமா? முதல் இரண்டுக்கும் 'என்னிடம்' என்று சொல்ல முடிந்தால், எந்த நிறுவனத்துடனும் சரிசமமாக உட்கார்ந்து பேசலாம். மூன்றாவதுக்கு 'ஆமாம்' என்று சொல்ல முடிந்தால், அடுத்த டூருக்கும் ஆள் வரும்.

நிப்ஸி ஹஸில் இதைப் புரிந்துவைத்திருந்தார். சிடி விற்ற அதே ஸ்லாசன் - கிரென்ஷா முனையில் 2017இல் சொந்தமாகத் துணிக்கடை திறந்தார். 2019 மார்ச் 31 அன்று, அந்தக் கடை வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. அதே ஆண்டு, அந்தச் சந்திப்புக்கு அவருடைய பெயரைச் சூட்ட லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. கார் டிக்கியைத் திறந்துவைத்து "ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்று அவர் நின்ற இடம் அது.